டூரினில் வரைந்து மெட்ராஸில் பூட்டிய கார்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இத்தாலிய ஜிடி மரபும்

திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு முறையாவது போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கடைக்குக் கடை மூட்டை மூட்டையாக பனியனும் டி-ஷர்ட்டும். அவற்றில் பல ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை. கழுத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தால் லேபிளைப் பாதியில் கத்தரித்திருப்பார்கள். டிசைன் போட்டது ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர், தைத்தது நம்ம ஊர். லேபிள் போய்விட்டது, தையல் மட்டும் மிச்சம்!

இந்தத் தொழிலுக்கும் இத்தாலிக்கும் பழைய சொந்தம் உண்டு. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கினார். திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

ஆனால் அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1961-ல், இத்தாலியில் வரைந்த ஒன்றைத் தமிழ்நாட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அது சட்டை அல்ல, கார்! பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராஸில் தயாரானது. அதை வரைந்த கை ஃபெராரிக்கும் மசராட்டிக்கும் வரைந்த கை என்பது இன்று பலருக்குத் தெரியாது.

ஜிடி என்றால் என்ன?

கார் பெயர்களுக்குப் பின்னால் 'ஜிடி' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலிய மொழியில் 'கிரான் துரிஸ்மோ'. பொருள், பெரும் பயணம். ரேஸ் கார் மாதிரி வேகம் வேண்டும், ஆனால் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்கக் கூடாது. இதுதான் அந்த வகைக் காரின் இலக்கணம்.

1929-லேயே அல்ஃபா ரோமியோ தன் 6சி 1750 காரின் ஒரு வகைக்கு கிரான் துரிஸ்மோ என்று பெயர் வைத்திருந்தது. போருக்குப் பிறகு 1951-ல் லான்சியா நிறுவனம் ஆரேலியா பி20 ஜிடி காரை வெளியிட்டது. 1991 சிசி, ஆறு சிலிண்டர், சுமார் 75 குதிரைத்திறன். அதே வருடம் ஆயிரம் மைல் தூரம் ஓடும் 'மில்லே மிலியா' பந்தயத்தில், அதைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட ஃபெராரிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. இந்த 1991 சிசி என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

இந்த மரபில் இன்னொரு விசேஷம், எல்லாவற்றையும் ஒரே கம்பெனி செய்யாது. எஞ்சினும் சேஸிஸும் ஒரு கம்பெனியிலிருந்து வரும். மேல் உடம்பைத் தகடு தட்டிச் செய்வது வேறொரு பட்டறை. வின்யாலே, கியா, பினின்ஃபரினா எல்லாம் அப்படிப் பெயர் வாங்கிய பட்டறைகள்தான். இதில் வரைபவர் தனி ஆள். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் இன்னோரிடம். நம்ம ஊர் ஜாப் ஒர்க் தானே அது!

வரைந்த கை

அப்படி வரைந்தவர்களில் ஒருவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1921-ல் டூரின் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஃபரினா பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, 1949-ல் சொந்தமாக ஓர் ஓவியக்கூடம் தொடங்கினார். 1950-களில் வின்யாலே பட்டறை உடம்பு கட்டிய ஃபெராரிகள் பலவும் இவர் வரைந்தவை. மசராட்டி 3500 ஜிடியின் திறந்த கூரை வகையும் இவருடையதே.

1957-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி ஒரு சிக்கலில் இருந்தது. புதிதாக ஒரு சிறிய கார் வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை 1953-ல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே இடத்தில் அச்சடித்துத் தர வேறு ஆள் இல்லை.

என்ன செய்தார்கள்? பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனி சேஸிஸ். மேல் உடம்பைப் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ஆலையில் செய்து, கடைசியில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவது. உடம்பை வரையும் வேலை மிக்கெலோட்டிக்குப் போனது. ட்ரையம்ஃபின் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் டூரினுக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார்.

அப்படிப் பிறந்ததுதான் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959 ஏப்ரலில் வெளிவந்தது. எஞ்சின் 948 சிசி மட்டுமே. ஆனால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். பெட்ரோமாக்ஸ் லைட்டைச் சுற்றி நிற்பதுபோல மெக்கானிக் எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். வெளியிடுவதற்கு முன்பே, 1958-ல், சோதனைக் கார்களை ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப் டவுனிலிருந்து வடகோடியான டாஞ்சியர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சின்னதுதான். ஆனால் பயணம் பெரும் பயணம்!

இதே சேஸிஸிலிருந்துதான் பிறகு 1962-ல் ஸ்பிட்ஃபயரும், 1966-ல் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஜிடி6-ம் வந்தன. இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. அதாவது, ஹெரால்டின் எலும்புக்கூட்டுக்குள் ஒரு நிஜமான ஜிடி கார் ஒளிந்திருந்தது.

மெட்ராஸுக்கு வந்தது எப்படி?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய அரசு கார் கம்பெனிகளிடம் ஒரு நிபந்தனை வைத்தது. வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கக் கூடாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950-களில் கடையைக் கட்டின. மிஞ்சியவை முக்கியமாக மூன்று கார் கம்பெனிகள். கல்கத்தா பக்கம் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் ஆலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது.

துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி பூட்டும் அமைப்பு இங்கே பெரிய வசதி. பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டுக்கு ஏற்ற கார் அது. இங்கிலாந்தில் ஒரு கஷ்டத்துக்காகச் செய்த ஏற்பாடு மெட்ராஸுக்கு வரமாக அமைந்தது.

இங்கே வந்தபின் கார் அப்படியே இருக்கவில்லை. மூல ஹெரால்டுக்கு இரண்டே கதவு. தாத்தா பாட்டி, குழந்தை குட்டி என்று ஏறும் குடும்பத்துக்கு இது சரிப்படுமா? சீட்டை மடக்கி ஒவ்வொருவராகப் பின்னால் நுழைய வேண்டும். அதனால் 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இது இந்தியாவில் மட்டுமே தயாரான வகை. இங்கிலாந்தில்கூட கிடையாது!

அடுத்தது பின்பக்க சஸ்பென்ஷன். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி தனித்தனியாக ஆடும். ஆள் ஏறிப் பாரம் கூடினால் சக்கரம் காலை அகட்டி நிற்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கெஜல் காரில் அதை எடுத்துவிட்டு, அம்பாசடரில் இருப்பதுபோல ஒரே தண்டாக உள்ள ஆக்சிலைப் போட்டார்கள். முகப்பையும் டிக்கியையும் மாற்றினார்கள். அதே 948 சிசி எஞ்சின் தொடர்ந்தது. 1970-களின் முடிவுக்குள் கெஜலும் நின்றுபோனது.

இரண்டாவது முறை வந்த இத்தாலி

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 1985-ல் ஸ்டாண்டர்ட் மறுபடி ஒரு கார் கொண்டுவந்தது. ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு அது. 1976-ல் வந்த அந்த ரோவரை வரைந்தவர் டேவிட் பாச் என்ற ஆங்கிலேயர். அவர் முன்மாதிரியாகப் பார்த்தவற்றில் ஒன்று ஃபெராரி டேடோனா, அசல் இத்தாலிய ஜிடி! தாழ்ந்து சரியும் அந்த முகப்பைப் பார்த்தாலே உறவு தெரியும். இங்கிலாந்தில் அந்த ரோவருக்கு 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது.

மெட்ராஸில் என்ன எஞ்சின் போட்டார்கள்? 1940-களில் வடிவமைத்த பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சின். அந்தக் காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரை இழுத்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அளவு என்ன தெரியுமா? 1991 சிசி! லான்சியா ஆரேலியாவில் இருந்த அதே அளவு. லான்சியாவுக்கு அது ஒரு மரபைத் தொடங்கிவைத்த எஞ்சின். முப்பத்து நான்கு வருடம் கழித்து வந்த ஸ்டாண்டர்டுக்கோ கிட்டத்தட்ட 83 குதிரைத்திறன்தான். அந்தக் கனமான உடம்புக்கு அது எப்படிப் போதும்?

1983 டிசம்பரிலேயே மாருதி வந்துவிட்டது. மக்களும் மாறிவிட்டார்கள். விலை அதிகம், வேகம் குறைவு. ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை. 1988-க்குள் கம்பெனியின் கார் தயாரிப்பே நின்றுவிட்டது. மெட்ராஸில் வேலை கற்ற எத்தனையோ கைகளுக்கு வேலை போனது.

இரண்டு கார்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெரால்டில் இத்தாலிய வரைபடம் மட்டும் வரவில்லை, அதற்குள் ஒரு யோசனையும் வந்தது. அந்த யோசனை நம் ஆட்களுக்குப் புரிந்தது. அதனால் கதவைக் கூட்டவும் ஆக்சிலை மாற்றவும் முடிந்தது. ஸ்டாண்டர்ட் 2000-ல் வந்ததோ வெளித்தோற்றம் மட்டும். ஜிடியின் முகம் இருந்தது, ஜிடியின் உயிர் இல்லை.

மீட்டெடுக்கும்போது எதை மீட்பது?

பழைய கார் மீது ஆசை வைப்பவர்கள் கொங்கு நாட்டில் எப்போதும் உண்டு. திருப்பூரிலிருந்து அவிநாசி சாலை வழியே கோவைக்குப் போனால், ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஆசையின் அளவை அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஹெரால்டை மீட்பது மற்ற பல பழைய கார்களை மீட்பதைவிட எளிது. போல்ட்டைக் கழற்றினால் உடம்பு தனியாக வந்துவிடும், சேஸிஸ் தனியாக நிற்கும். துருப்பிடிப்பது பெரும்பாலும் கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியிலும், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளிலும், தரைத் தகட்டிலும். முன் சக்கரத்தைத் தாங்கும் 'ட்ரன்னியன்' என்ற பாகத்துக்கு கிரீஸ் அடைக்கக் கூடாது, கியர் ஆயில் விட வேண்டும். அது தெரியாமல் விட்டால் தேய்ந்து, ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். நல்ல டிங்கர் ஒருவர், பொறுமையான மெக்கானிக் ஒருவர், இருவர் இருந்தால் வேலை நடக்கும்.

ஆனால் கஷ்டமான கேள்வி வேறு. ஒரு கெஜலை மீட்கும்போது அதை எந்த நிலைக்குக் கொண்டுபோவது? ட்ரையம்ஃப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. பணம் இருந்தால் மெட்ராஸ் ஆக்சிலைக் கழற்றி எறிந்துவிட்டு மூல ஊஞ்சல் சஸ்பென்ஷனைப் போடலாம். முகப்பை மாற்றி ட்ரையம்ஃப் பெயரை ஒட்டலாம். 'ஒரிஜினல்' என்று பெருமையாகச் சொல்லலாம்.

அது ஒரிஜினலா? அந்தக் கார் ட்ரையம்ஃபாகப் பிறக்கவே இல்லையே! அந்தத் தண்டு ஆக்சில்தான் இந்தச் சாலைகளைப் பார்த்து, இந்த மெக்கானிக்குகளின் புலம்பலைக் கேட்டு, இங்கே எடுத்த முடிவு. நான்கு கதவும் அப்படியே. அவற்றை எடுத்துவிட்டால் கார் பளபளக்கும், ஆனால் அதன் வரலாற்றில் நம் பங்கு அழிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு காரிலும் இப்படிச் செய்துவிட்டால், மெட்ராஸில் என்ன யோசித்தார்கள் என்பதற்கு ஆதாரமே இருக்காது.

மிக்கெலோட்டி 1980-ல் இறந்தார். அவருடைய கோடு அந்தக் காரின் பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேல் மெட்ராஸ்காரர்கள் போட்ட தையலும் அதே அளவு பெருமை.

அடுத்த முறை காதர்பேட்டைக்குப் போகும்போது லேபிள் கத்தரித்த ஒரு பனியனை எடுத்துத் தையலைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள் நண்பர்களே. எங்காவது ஒரு பழைய ஸ்டாண்டர்ட் கார் கண்ணில் பட்டால், பானட்டில் இருக்கும் பெயரோடு நிறுத்தாமல் குனிந்து பின் ஆக்சிலையும் ஒரு பார்வை பாருங்கள்.