திரும்பி வந்த குழந்தைக் காலணிகள்



2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கனடாவின் பூர்வீகக் குடிகள் வத்திக்கானுக்கு வந்து திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தனர். அப்போது பழங்குடித் தலைவி ஒருவர், சிறு குழந்தைகள் அணியும் இரண்டு ஜோடி தோல் காலணிகளை அவரிடம் கொடுத்தார். அன்பளிப்பாக அல்ல, கனடாவுக்கு வரும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தார். உறைவிடப் பள்ளிகளுக்குப் போய் வீடு திரும்பாத பிள்ளைகளின் நினைவு அவை.

அப்பள்ளிகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா அரசின் திட்டப்படி, நூறாண்டுக்கும் மேலாக, ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அவற்றில் சேர்க்கப்பட்டனர். பலர் பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டனர். நடத்தும் பொறுப்பு கிறிஸ்தவ சபைகளிடம் இருந்தது. அதில் பெரும்பங்கு கத்தோலிக்க நிறுவனங்களுடையது. பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இறந்தனர். சொல்லக் கூச்சமாயிருக்கிறது; ஆயினும் மறைக்க முடியாது.

அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள், சக்கர நாற்காலியில் மாஸ்குவாசிஸ் சென்ற திருத்தந்தை, முதலில் கல்லறைத் தோட்டத்தில் மௌனமாகச் செபித்தார். பிறகே பேசினார், மன்னிப்புக் கேட்டார். காலணிகளும் திரும்பி வந்தன. இறந்த பிள்ளைகள் 4,000க்கும் மேற்பட்டோரின் பெயர் தாங்கிய நீண்ட சிவப்புத் துணியை மக்கள் ஏந்தி வந்தபோது, அதை அவர் முத்தமிட்டார்.

மறுநாள் புனித சுவக்கின், அன்னா திருவிழா. அந்த மக்கள் 1889 முதல் திருப்பயணமாகக் கூடும் புனித அன்னா ஏரிக்கரைக்குத் திருத்தந்தை சென்றார். பாட்டிமாரைப் பெரிதும் மதிக்கும் அவர்களுக்கு, இயேசுவின் பாட்டியான அன்னாவிடம் தனி அன்பு. பாட்டி மடியில் செபம் கற்ற நமக்கு இது எளிதில் புரியும். விசுவாசம் தாய்மார், பாட்டிமார் பேசும் மொழியில்தான் வந்து சேர்கிறது என்று திருத்தந்தை அங்கே எடுத்துரைத்தார். பள்ளிகள் அறுத்ததும் அந்த இழையைத்தானே?

லூக்கா நற்செய்தியின் சக்கேயு வருந்தியதோடு நிற்கவில்லை. எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். 2025 நவம்பரில் திருத்தந்தை லியோ, வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருந்த பூர்வீக மக்களின் 62 பொருள்களைக் கனடா ஆயர்களிடம் ஒப்படைத்தார். 1925ஆம் ஆண்டின் மறைபரப்புக் கண்காட்சியோடு தொடர்புடையவை அவை. இனுவிட் மக்களின் கயாக் படகும் அவற்றில் ஒன்று.

இந்த வாரக் குடும்பச் செபத்தில் 'பழங்குடியினர்' என்று பொதுவாகச் சொல்லாமல் க்ரீ, இனுவிட், மெத்தி என அவர்கள் இனப் பெயர்களைச் சொல்லியே மன்றாடுவோம்.