சித்ராவின் கதையைச் சொன்னது யார்?



பொருளாசை ஓர் அழகிய பெண்ணின் உருவெடுத்து வந்து நல்லவன் ஒருவனைக் கெடுத்தது என்னும் கதையை நாம் பல வடிவங்களில் கேட்டிருக்கிறோம். அக்கதை திரைப்படத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதையும், நம் சிங்கப்பூர் அதில் எவ்வாறு இடம்பெற்றது என்பதையும் வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலிவுட்டின் கறுப்புப் படம்

1940களில் அமெரிக்காவில் வெளிவந்த ஒருவகைக் குற்றப்படங்களைப் பிரெஞ்சு விமர்சகர்கள் 'ஃபிலிம் நுவார்', அதாவது 'கறுப்புப் படம்', என்று அழைத்தனர். நிழலும் இருளும் சூழ்ந்த காட்சிகள், பேராசை, துரோகம், இறுதியில் வீழ்ச்சி ஆகியவை அவற்றின் இலக்கணம். இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது பில்லி வைல்டர் இயக்கி 1944ஆம் ஆண்டு வெளிவந்த 'டபுள் இன்டெம்னிட்டி' என்னும் படமாகும். காப்பீட்டு முகவனாகிய வால்டர் நெஃப் என்பவன், ஃபிலிஸ் என்னும் மணமான பெண்ணோடு சேர்ந்து அவளுடைய கணவனைக் கொல்கிறான். ரயில் விபத்தில் இறந்தால் காப்பீட்டுத் தொகை இருமடங்காகக் கிடைக்கும் என்பதால், உடலைக் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். பார்பரா ஸ்டான்விக் ஏற்று நடித்த ஃபிலிஸ், இரக்கமற்ற பேரழகிக்கு இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறாள்.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். அந்தப் படம் முழுவதும் நெஃப் சொல்லும் கதையே. குண்டடிபட்ட அவன், நள்ளிரவில் அலுவலகத்தில் அமர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் நடந்ததைக் கூறுகிறான். ஃபிலிஸ் எத்தகையவள் என்பதை அவளைச் சுட்டுக் கொன்றவனின் வாய்மொழியாகவே நாம் அறிகிறோம்.

அக்கதைக்கு மூலமான நாவலை எழுதியவர் ஜேம்ஸ் எம். கெய்ன். 1927ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஓர் உண்மைக் கொலையே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. ரூத் ஸ்னைடர் என்பவரும் அவருடைய காதலர் ஜட் கிரேயும் சேர்ந்து ரூத்தின் கணவரைக் காப்பீட்டுப் பணத்திற்காகக் கொன்றனர். விசாரணையில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் பழியைச் சுமத்தினர். இருவருக்கும் 1928 ஜனவரி 12 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நீதிமன்றத்தில் இரு குரல்கள் ஒலித்தன. திரைக்கு வந்தபோது ஆணின் குரல் மட்டுமே எஞ்சியது.

தமிழில் 'புதிய பறவை'

இவ்வகைப் படத்தின் சாயலைத் தமிழில் தேடுவோர்க்கு முதலில் நினைவுக்கு வருபவற்றுள் ஒன்று 'புதிய பறவை'. தாதா மிராசி இயக்கத்தில், சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி ஆகியோரின் நடிப்பில், 1964 செப்டம்பர் 12 அன்று வெளிவந்தது. விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசையும் கண்ணதாசனின் பாடல்களும் இன்றும் நம் இல்லங்களில் ஒலிக்கின்றன. வண்ணப் படமாயினும் அதன் உள்ளம் கறுப்புதான்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் தாயகம் திரும்பும் செல்வந்தன் கோபால், வழியில் லதாவைச் சந்தித்துக் காதல் கொள்கிறான். தன் முதல் மனைவி சித்ராவைப் பற்றி அவளிடம் கூறுகிறான். சிங்கப்பூர் இரவு விடுதியில் பாடும் பெண்ணாக அறிமுகமாகி அவனை மணந்தவள் சித்ரா. மது அருந்துபவள், குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டவள். அவள் ரயிலில் அடிபட்டு இறந்துபோனாள் என்கிறான். ஆனால், இறந்தவளாகக் கருதப்பட்ட சித்ரா ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறாள். அவள் பொய்யானவள் என்று மெய்ப்பிக்க முயலும் கோபால், வேறு வழியின்றி உண்மையைக் கக்குகிறான். தான் அறைந்ததால் இதயம் பலவீனமான சித்ரா இறந்ததையும், தற்கொலை என்று தோன்றும்படி உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியதையும் ஒப்புக்கொள்கிறான். லதாவும் உடனிருந்தோரும் காவல்துறையினர் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

ஹாலிவுட் படத்திலும் தமிழ்ப் படத்திலும் தண்டவாளத்தில் ஓர் உடல். இரண்டிலும் இறுதியில் ஓர் ஆணின் ஒப்புதல் வாக்குமூலம். ஆயினும் நம்மவர் செய்த மாற்றம் ஒன்று உண்டு. அழகால் ஆணைச் சிக்கவைக்கும் பெண் இங்கே பணத்துக்காக அன்று, நீதிக்காக வலை விரிக்கிறாள். லதா சட்டத்தின் பக்கம் நிற்பவள். அவளுடைய காதலும் பொய்யன்று. அப்படியானால் 'கெட்ட பெண்' என்னும் இடம் யாருக்குப் போயிற்று? இறந்துபோன சித்ராவுக்கு.

கதை வந்த வழி

இக்கதை வந்த வழியைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 1958ஆம் ஆண்டு வெளிவந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்னும் பிரிட்டிஷ் படமே இதன் ஊற்று. அதில் வலையில் சிக்கும் குற்றவாளி ஒரு பெண். இறந்தவன் அவளுடைய சகோதரன். இறந்தவன் திரும்பி வந்ததுபோல் நடித்து உண்மையைக் கறக்கிறது காவல்துறை. 1963ஆம் ஆண்டு வங்காளத்தில் 'சேஷ் அங்க' என்னும் படமாக இது உருமாறியபோது, குற்றவாளி ஆணானான். உத்தம் குமார் அப்பாத்திரத்தை ஏற்றார். அதன் வழியே தமிழுக்கு வந்தது 'புதிய பறவை'.

குற்றவாளி பெண்ணாக இருந்த மூலப்படத்தில், இறந்தவளைப் பொல்லாத மனைவியாகக் காட்டவேண்டிய தேவையே இல்லை. கொன்றவன் கதாநாயகனாகிவிட்டால், அவன்மேல் இரக்கம் பிறக்க ஒரு காரணம் வேண்டும். அக்காரணமே பொல்லாத மனைவி என்பது என் கருத்து. குடித்துவிட்டு ஆடும் மனைவியைத் தமிழகத்து வீட்டில் பிறந்தவளாகக் காட்டினால் ரசிகர் மனம் ஒப்புமோ என்னவோ! ஆகவே கடல் கடந்த ஊர் ஒன்று தேவைப்பட்டது. அந்த ஊராக அமைந்தது சிங்கப்பூர்.

அதே ஆண்டில் உண்மைச் சிங்கப்பூர்

திரையில் மின்விளக்கும் மதுக்கிண்ணமுமாகக் காட்சியளித்த இந்நகரம், 1964இல் உண்மையில் எவ்வாறு இருந்தது? அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அவ்வாண்டு ஜூலை 21 அன்று இனக்கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர். செப்டம்பர் 2 அன்று கேலாங் சிராய் பகுதியில் ஒரு திரிஷா ஓட்டுநர் கொல்லப்பட்டதை அடுத்து மீண்டும் கலவரம் வெடித்து, மேலும் 13 உயிர்களைப் பலிகொண்டது. தீவு முழுவதும் ஊரடங்கு. சென்னையில் 'புதிய பறவை' வெளியான அதே செப்டம்பரில் நம் மூத்தோர் வாழ்ந்த நிலை இது. சிராங்கூன் சாலைக் கடைகளிலும் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்துக் காசு சேர்த்த தமிழ்க் குடும்பங்கள், இருட்டுமுன் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்ட நாள்கள் அவை. 1997 முதல் நம் பள்ளிகள் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிப்பது அதன் நினைவாகத்தான்.

இன்னொன்றும் உண்டு. 1961ஆம் ஆண்டிலேயே இங்கு மாதர் சாசனம் சட்டமாகிவிட்டது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் திருமண முறை, மனைவிக்குத் தனிச்சொத்துரிமை, பராமரிப்புத்தொகை பெறும் உரிமை ஆகியவற்றை அது முஸ்லிம் அல்லாத பெண்களுக்கு உறுதிசெய்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்த படத்தில், சிங்கப்பூர் மனைவி ஓர் அறையில் உயிர் துறக்கிறாள். அரங்கமோ அறைந்தவனுக்காகக் கண்ணீர் விடுகிறது.

பொருளாசைக் கொலைக்கும் அக்காலச் சிங்கப்பூரில் உண்மைச் சான்று இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 27 அன்று, சிஸ்டர்ஸ் தீவுகளின் அருகே கடலில் மூழ்கு நீச்சலுக்கு இறங்கிய 22 வயதுப் பெண் ஒருவர் திரும்பவே இல்லை. மதுக்கூடத்தில் பணிபுரிந்தவர் அவர். உடல் கிடைக்கவில்லை. அவர் காலில் அணிந்திருந்த துடுப்புக் காலணியின் வார் அறுக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. உடன்சென்ற காதலர் சன்னி ஆங், அப்பெண்ணின் பெயரில் 4 லட்சம் வெள்ளிக்கு மேல் விபத்துக் காப்பீடுகள் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். காலாவதியான ஒரு காப்பீட்டை அன்றைய பயணத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் நீட்டித்திருந்தார். 1965இல் நடந்த வழக்கில் அவருக்காக வாதாடியவர், பின்னாளில் நாடாளுமன்ற நாயகராக விளங்கிய பஞ்ச் குமாரசுவாமி. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே ஜூரிகள் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர். உடலே கிடைக்காமல் கொலைக்குற்றம் நிறுவப்பட்ட முதல் சிங்கப்பூர் வழக்கு இதுவாகும். 1967 பிப்ரவரி 6 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

திரைக்கதையில் ஆணைக் கெடுத்தவள் இரவு விடுதிப் பெண். வழக்குமன்ற ஏட்டில் உயிரைப் பறிகொடுத்தவளோ மதுக்கூடத்தில் உழைத்த பெண். பேராசை பிடித்தவன் ஆண். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கதையின் சாய்வு நமக்குப் புலப்படுகிறது.

இளங்கோவடிகள் காட்டிய வழி

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியை வஞ்சகி என்று எண்ணிப் பிரிகிறான். அவனுடைய கூற்றோடு நின்றிருந்தால் மாதவியும் ஒரு சித்ராவாகவே எஞ்சியிருப்பாள். ஆனால் இளங்கோவடிகள் மாதவியின் கையில் எழுத்தாணியைக் கொடுத்தார். அவள் எழுதிய முதல் மடலைக் கோவலன் வாங்க மறுக்கிறான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் மடலைப் படித்தபின், தவறு தன்னுடையதே, அவளுடையதன்று என உணர்கிறான். சித்ராவுக்கு அப்படி ஒரு மடல் எழுத வாய்ப்பில்லை. அவளைப் பற்றி நாம் அறிந்தவை யாவும் கோபால் சொன்னவை. அவனோ முதலில் ஒருவிதமாகவும் பின்னர் வேறுவிதமாகவும் சொன்னவன்.

'புதிய பறவை' நல்ல படம். சிவாஜியின் நடிப்பிலும், அழுகைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றிருந்த சௌகார் ஜானகி முற்றிலும் மாறுபட்டுச் சித்ராவாக நின்ற திறத்திலும் எனக்குப் பெருமதிப்பு உண்டு. படத்தைத் தள்ளிவைக்கச் சொல்வது என் எண்ணமன்று. பிள்ளைகளோடு பழைய படம் பார்க்கும் பெற்றோர், படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இந்தக் கதையை நமக்குச் சொன்னது யார்? மற்றவர் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?' தொடக்கப்பள்ளி வகுப்பில் காகமும் நரியும் கதையைக் காகத்தின் வாயிலாகச் சொல்லச் சொன்னாலே போதும். பிள்ளைகள் தாமாகவே புதிய வினாக்களைத் தொடுப்பர். உயர்நிலை மாணவர்க்குச் சித்ரா எழுதும் மடலைக் கட்டுரைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

இது மொழிப்பாடத்துக்கு மட்டும் உரிய பயிற்சி அன்று. 'அவள் அப்படிப்பட்டவள், அதனால்தான் அடித்தேன்' என்னும் பேச்சு திரைக்கு வெளியேயும் கேட்கிறது. அதைக் கேட்கும் பிள்ளை அடித்தவனின் கண்ணீரோடு நின்றுவிடாமல், அடிபட்டவளின் சொல் எங்கே என்று தேடுமானால், அதுவே நாம் கற்பித்த கல்வியின் பயன். உங்கள் வகுப்பறைகளிலும் இல்லங்களிலும் இதனைச் செய்து பாருங்கள்.