அச்சுச் சுரைக்குடுவை

சுரைக்காயைப் பிஞ்சிலேயே அச்சுக்குள் விட்டு, கொடியிலேயே கலைப்பொருளாக வளர்த்தெடுக்கும் சீனக் கைவினை. சிங் பேரரசர் காங்ஷி காலத்தில் (1661–1722) அரண்மனை ஆதரவில் செழித்தது. தாவரப் பெயர் லாஜினேரியா சிசெராரியா. மகுடியின் குடமும் இதே இனச் சுரைதான்.

அச்சின் உட்புறத்தில் பூவேலையும் எழுத்தும் குழிவாக இருக்கும். பூ உதிர்ந்த இளம் பிஞ்சை அதற்குள் விடுவார்கள். காய் பருத்து அச்சை நிறைக்கையில் அந்த வேலைப்பாடு தோலில் புடைப்பாகப் பதியும். முற்றி ஓடு கெட்டியான பிறகே அறுவடை. ஒரே துண்டான சுடுமண் அச்சென்றால் அதை உடைத்துத்தான் காயை எடுக்க வேண்டும். உள்ளேயே அழுகுவது, ஒரு பக்கம் நிறையாமல் கோணுவது, வெடிப்பது எல்லாம் உண்டு. ஆகவே குறையின்றித் தேறிய குடுவையின் அருமை பெரிது. உளி படாமல் இத்தனை நுட்பம் கூடுவது வியக்கத்தக்கது.

கிண்ணம், பூச்சாடி, மூக்குப்பொடிக் குப்பி எனப் பல உருவாயின. மிகவும் பெயர்பெற்றது சிள்வண்டுக் கூடு. குளிர்காலத்தில் சிள்வண்டை அதில் வைத்து, உடைக்குள் செருகிக்கொண்டு அதன் பாட்டைக் கேட்பார்கள். ஓடு கதகதப்பைக் காக்கும். ஒலியையும் நன்கு எழுப்பும். அரசவைக் குடுவைகள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.