முன்பணம் கொடுக்கும் முன்: கிராமத்தில் வீடு, மனை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

மண் பரிசோதனை முகாமோ, பயிர்ப் பயிற்சியோ முடிந்து கிளம்பும்போது நான்கைந்து பேர் தனியாக வந்து நிற்பார்கள். உரம், பூச்சி பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தால், கேள்வி வேறாக இருக்கும். "சார், பக்கத்து ஊரில் ஒரு வீடு விலைக்கு வருது. பட்டா இருக்கு, வில்லங்கமும் இல்லை. நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா?"

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் பல போக மகசூலில் சேர்த்த பணத்தை ஒரே நாளில் கொடுத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்கும் விவசாயிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் செய்த தவறு ஒன்றுதான். முன்பணம் கொடுத்த பிறகு பத்திரத்தைப் படித்தார்கள். படித்த பிறகு கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து, நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

1. பட்டா இருந்தால் போதாதா?

போதாது. பட்டா என்பது வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆவணம். சொத்து அவருக்கு எப்படி வந்தது என்பதைக் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், தானசெட்டில்மென்ட், உயில் போன்ற மூல ஆவணங்கள்தான் சொல்லும். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் மாறியும், அளவு மாறியும் ஏறிய பட்டாக்கள் இன்றும் இருக்கின்றன. பட்டாவில் உள்ள பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு நான்கும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ நீங்களே எடுக்கலாம். விற்பவர் கொடுக்கும் நகலை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் உரிமைப் பத்திரம் ஆகாது.

2. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. இனி பயமில்லைதானே?

வில்லங்கச் சான்று, பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், வாரிசுப் பங்கு, கைமாற்றுக் கடனுக்காக வெளியே கொடுத்து வைத்த பத்திரம் ஆகியவை அதில் வராது. குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள். பழைய புல எண், புதிய உட்பிரிவு எண் இரண்டுக்கும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். ஒரு எண்ணுக்கு மட்டும் போட்டால் மற்றதில் உள்ள அடமானம் கண்ணில் படாமல் போகலாம்.

மூலப் பத்திரங்களின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். "அசல் வீட்டில் எங்கேயோ இருக்கு" என்றால், அது கிடைக்கும் வரை பேச்சை நிறுத்தி வையுங்கள்.

3. பூர்வீக வீடு. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அதிகம் வழக்காவது இந்த இடத்தில்தான். அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற எண்ணம் ஊரில் இன்னும் இருக்கிறது. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டு வந்தது. மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், கல்யாணமாகிப் போன மகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்த விற்பனையையும் பதிவான பாகப்பிரிவினையையும் மட்டும் அந்தச் சட்டம் தொடுவதில்லை.

ஆகவே, வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள அக்கா, தங்கை, தாயார் எல்லோரும் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும். அல்லது தங்கள் பங்கை முறைப்படி விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். "சீர் செய்து அனுப்பிட்டோம், கேட்க மாட்டாங்க" என்ற சொல் நீதிமன்றத்தில் நிற்காது. மைனரின் தனிச்சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளியுங்கள்.

பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று நேரில் விசாரியுங்கள்.

4. எந்த வகை நிலத்தில் உள்ள வீடு, மனையைத் தொடவே கூடாது?

புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூதான நிலம், பஞ்சமி நிலம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் ஆகியவற்றில் கவனம் வேண்டும். இவற்றில் சிலவற்றை விற்கவே முடியாது. சிலவற்றை உரிய அனுமதியோடு அல்லது குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே விற்க முடியும். 'அ' பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்தால் நிலத்தின் வகை தெரிந்துவிடும். ஊருக்குள் இருக்கும் பழைய வீடு நத்தத்தில் இருந்தால், விற்பவர் பெயரில் நத்தம் பட்டா இருக்கிறதா என்று பாருங்கள்.

வயலைக் கூறுபோட்டு மனையாக விற்றால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத புதிய மனைக்குப் பத்திரப் பதிவு மறுக்கப்படும். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவாக இருந்தால், வரன்முறை செய்த ஆணையைப் பாருங்கள்.

5. தோட்டத்தோடு சேர்ந்த வீடு என்றால்?

பாதை, கிணறு, மின்சாரம் மூன்றையும் பாருங்கள். இன்று எல்லோரும் நடக்கும் வழி பக்கத்துக்காரரின் பட்டா நிலமாக இருக்கலாம். நாளை அவர் வேலி போட்டால் உங்கள் டிராக்டர் உள்ளே போகாது. கிணற்றில் எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், பம்புசெட் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். வண்டிப் பாதை உரிமை, கிணற்றுப் பங்கு, மின் இணைப்பு ஆகியவற்றைச் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த பங்கு, வாய்ச்சண்டையில் போய்விடும்.

அளவையும் நீங்களே கணக்குப் போடுங்கள். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். பேச்சு சென்ட் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 10 ஏர் என்றிருந்தால் அது 24.7 சென்ட்தான், 30 சென்ட்டுக்கு விலை பேசாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, நான்கெல்லையைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் உறுதி செய்யுங்கள்.

6. முன்பணத்தை எப்படிக் கொடுப்பது?

வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ எழுதி வாங்கினால் போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். மொத்த விலை, கொடுத்த தொகை, பாக்கி, கெடு, யார் பின்வாங்கினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பவர் கிரயம் செய்து தர மறுத்தால், கெடு முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கெடுவுக்குள் பாக்கித் தொகையுடன் நீங்கள் தயாராக இருந்ததையும் நிரூபிக்க வேண்டும்.

7. பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். 8 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 56 ஆயிரமும் 16 ஆயிரமும் சேர்த்து 72 ஆயிரம் ரூபாய். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதே வீட்டை மனைவி பெயரில் வாங்கினால் 8 ஆயிரம் ரூபாய் மிச்சம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டாதீர்கள். வழக்கு வந்தால் காட்டிய தொகைதான் உங்களுக்குச் சான்று.

8. பத்திரம் பதிந்தாயிற்று. வேலை முடிந்ததா?

இல்லை. பத்திரம் பதிவானதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. அதனால்தான் முதலிலேயே இத்தனை சோதனை. பதிந்த பிறகு பட்டா மாறுதல் ஆகிவிட்டதா என்று இணையத்தில் பாருங்கள். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும். பட்டா மாறுதலை மறுத்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. விதை வாங்கும்போது பையில் ஒட்டிய சான்று அட்டையைப் பார்த்து, முளைப்புத்திறனைச் சோதித்துத்தான் விதைக்கிறீர்கள். விதை பொய்த்தால் ஒரு போகம் போகும். அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். வீட்டில் ஏமாந்தால் ஈடுகட்ட இன்னொரு போகம் இல்லை. சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் எல்லா ஆவணங்களையும் கொடுத்து, எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்குங்கள். "நாளைக்கே கொடுக்கலேன்னா வேறு ஆள் வாங்கிடுவாங்க" என்று அவசரப்படுத்தினால், வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.