கைக்கும் கண்ணுக்கும் இடையே: பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மிக்ஸிங் தொழிலின் கதை

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு ஊர்களின் பழமையை எழுதப் புகுவோர் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தையோ, ரஞ்சன்குடிக் கோட்டையையோ, சுண்ணாம்புப் பாறையில் உறைந்து கிடக்கும் ஆதிகாலக் கடலுயிர்களின் எச்சங்களையோ முன்னிறுத்துவது வழக்கம், அது நியாயமும்கூட. ஆயினும், சென்ற நாற்பது ஆண்டுகளில் இவ்வூர்களின் கடைவீதி மாடிகளில், ஸ்டூடியோ என்று எழுதிய பலகைகளுக்குப் பின்னால் வளர்ந்து உருமாறிய ஒரு தொழிலுக்கும் சரித்திரம் உண்டு. கலியாண வீடியோவுக்கு மிக்ஸிங் செய்யும் தொழிலைத்தான் சொல்லுகிறேன். படத்தின் மேல் படத்தை அடுக்கி ஒரே காட்சியாக்கும் இந்த வித்தையின் வரலாறு முழுவதும், கை செய்ததைக் கண் காண்பதற்குள் நேரும் தாமதத்தோடு தொழிலாளி நடத்திய போராட்டமே என்பது என் துணிபு.

இதன் மூலத்தைச் சினிமாவிலேதான் தேடவேண்டும். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட ‘உத்தமபுத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். 1949-இல் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்க’ளில் எம்.கே.ராதா இரட்டையராகத் தோன்றினார். ஒருவரையே இருவராகக் காட்டுவதற்கு அந்நாளில் வழங்கிய உபாயம், லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் பிடிப்பது. காமிரா இம்மியளவு அசைந்தாலும், நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினாலும் பிரயத்தனம் அனைத்தும் வீணாகும். அது வீணானதா அன்றா என்பதோ, லாபரட்டரியில் பிலிமைக் கழுவி எடுத்த பிறகுதான் தெரியவரும். 1957-இல் ‘மாயாபஜா’ரைப் படம் பிடித்த மார்க்கஸ் பார்ட்லி போன்ற மேதைகள், முடிவைக் கண்ணால் காணாமலே மனத்தில் முன்கூட்டிக் கண்டு வேலை செய்தார்கள். இத்தகைய அற்புதங்களைத்தான் கிராமத்து ஜனங்கள் டூரிங் டாக்கீஸ் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து கண்டு வியந்தார்கள்.

1976-இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். கேசட்டும், 1982-ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் பரவிய வர்ணத் தொலைக்காட்சியும் சேர்ந்து, அதுவரை சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் அடைபட்டிருந்த அந்த வித்தையைச் சிற்றூர்களின் வாசலுக்குக் கொண்டுவந்தன. காமிரா வாங்க இயன்றவர் பலர்; படங்களை ஒன்றோடொன்று கலக்கும் மிக்ஸர் வாங்க இயன்றவரோ சிலரே. ஆதலால், முகூர்த்த மாதங்களில் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸிலும் அரியலூரிலிருந்து ரயிலிலும் கேசட்டுகள் திருச்சிக்குப் பிரயாணம் செய்து, பாட்டும் டைட்டிலும் ஏற்றிக்கொண்டு திரும்பின. மிக்ஸரின் விசேஷம் யாதெனில், பட்டனைத் தட்டிய கணத்திலேயே மணமக்களின் முகம் வட்டமாக விரிவதை டி.வி.யில் பிரத்தியக்ஷமாகக் காணலாம். ஆனால் கண்டதைத் திருத்த வழியில்லை. தாலி கட்டும் காட்சியில் ஒரு கணம் பிந்தித் தட்டிவிட்டால் டேப்பைப் பின்சுற்றி மறுபடி பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி படமும் மங்கிக்கொண்டே போகும். பிலிமில் காணும் வசதி இல்லை. மிக்ஸரில் திருத்தும் வசதி இல்லை.

திருத்தும் வசதியைத் தந்தது கம்ப்யூட்டர். திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த 1995-ஆம் ஆண்டிலேயே டிஜிட்டல் வீடியோ (DV) டேப்பும் உலகச் சந்தைக்கு வந்தது. படங்களை அடுக்கிச் சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருள் அதற்கு இரண்டாண்டு முன்னரே அமெரிக்காவில் பிறந்திருந்தது. இவை நம் ஊர்களை வந்தடையச் சில காலம் பிடித்தாலும், 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாவதற்குள் மிக்ஸர்கள் மூலைக்குப் போய், அவற்றின் இடத்தில் கம்ப்யூட்டர்கள் அமர்ந்துவிட்டன. ஆனால் புதிய சாதனம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தது. விரியும் தாமரையின் நடுவே மணமக்கள் தோன்ற, மேலே பூமாரி பொழிய, பின்னே கோபுரம் நிழலாடும் காட்சியை ஏழு லேயர்களாக அடுக்கிவிட்டு ப்ளே பட்டனை அழுத்தினால், தாமரை இரண்டு இதழ் விரிந்து நிற்கும். பூ அந்தரத்தில் தொங்கும். மணமகனின் புன்னகை பாதியில் உறைந்து, பின் ஒரே தாவலில் முடியும். ‘ஜெர்க் ஆகுது’ என்பது தொழிலாளிகளின் நித்தியப் புலம்பலாயிற்று.

இதன் காரணத்தைக் கணக்கில் காண்பது எளிது. நம் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஆதலால் ஒரு படத்தை ஆக்கி முடிக்க இயந்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 40 மில்லி விநாடி. 720-க்கு 576 புள்ளி கொண்ட படத்தைச் சுருக்கம் நீக்கி விரித்தால் சுமார் 1.66 மெகாபைட், ஒரு லேயருக்கே விநாடிக்கு 41 மெகாபைட்டுக்கு மேல், ஏழு லேயர்களுக்கு 290. ஹெச்.டி. வந்தபோது ஒரு லேயரே 207 மெகாபைட்டைத் தொட்டது. போதாக்குறைக்கு, எச்.264 போன்ற முறைகளில் சுருக்கிய வீடியோவில் பெரும்பாலான படங்கள் தாமாக முழுமை பெறுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து மாறுதலை மட்டுமே குறித்து வைத்திருப்பதால், ஒன்றைக் காட்டுவதற்கு அதன் அண்டை அயல் அனைத்தையும் விரித்தாக வேண்டும். தாமதம் ஹார்ட் டிஸ்க்கிலா, விரிப்பதிலா, லேயர்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பதிலா என்று அறியாமல் புதிய மெஷின் வாங்குவது, நோயறியாமல் மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

பெருநகரத்து ஸ்டூடியோக்கள் விலையுயர்ந்த கார்டுகளைப் பூட்டித் தாமதத்தை வென்றன. அதற்கு வசதியற்ற நம் தொழிலாளிகளோ வேலையின் ஒழுங்கினாலேயே வென்றார்கள். வேலையின் நடுவே பார்க்கும் பிரிவியூவை நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவுக்குக் குறைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகும், கால் அளவுக்குக் குறைத்தால் பதினாறில் ஒன்றாகும் என்பதை அனுபவத்தால் கண்டார்கள். பெரிய வீடியோக்களுக்குச் சிறிய ப்ராக்ஸிப் பிரதிகளைச் செய்து, அவற்றை வைத்தே வேலையை முடித்து, முழுப் படத்தையும் கணக்கிட்டு எழுதும் இறுதி ரெண்டருக்கு மட்டும் மூலத்தை இணைத்தார்கள். இனி மாறாது என்று தீர்மானமான தாமரையையும் கோபுரத்தையும் ஒரே கிளிப்பாக முன்னரே ரெண்டர் போட்டு, ஏழு லேயர்களை இரண்டாக்கினார்கள். நிழல், மங்கல் ஆகிய எஃபெக்டுகளைக் கடைசிவரை அணைத்து வைத்தார்கள். ஹெச்.டி.யில் விநாடிக்கு 207 மெகாபைட் என்றால் 8 ஜி.பி. ராம் முழுதும் 40 விநாடிக்கே காணும் என்பதை உணர்ந்து, ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் ஓட்டாமல், திருத்தும் பகுதியை மட்டும் குறித்து ராமில் ஏற்றிப் பார்த்தார்கள். சுருங்கிய வீடியோவை, ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும் இடைநிலைச் சுருக்க முறைக்கு (கோடெக்கிற்கு) முதலிலேயே மாற்றினார்கள். கோப்பு பருத்தது, ஓட்டம் சீராயிற்று.

2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில் இந்த ஒழுங்கு உயிர்காக்கும் பண்பாயிற்று. இரவெல்லாம் ஓடவேண்டிய ரெண்டர் நடுவில் அறுந்தால் முழு உழைப்பும் போகும் என்பதனால், பாட்டைப் பல துண்டுகளாக்கித் தனித்தனியே ரெண்டர் போட்டுச் சேர்க்கும் வழக்கத்தை மேற்கொண்டவர்களுக்கு, மின்வெட்டு ஒரு துண்டை மட்டுமே பறித்தது.

இவ்வுபாயங்கள் அனைத்துக்கும் அடிப்படையான தத்துவம் ஒன்றே: இப்போது எதைக் காணவேண்டும், எதைப் பிறகு கண்டால் போதும் என்ற விவேகம். பார்ட்லியின் தலைமுறை அதை மனக்கண்ணால் சாதித்தது. பெரம்பலூர் மாடியறைத் தொழிலாளி ப்ராக்ஸியாலும் முன்ரெண்டராலும் சாதிக்கிறான். இன்று 4கே வந்து ஒரு லேயருக்கே விநாடிக்கு 829 மெகாபைட் கேட்கிறது; நாளை வருவது இன்னும் அதிகம் கேட்கும். மெஷின் எத்தனை வேகம் பெற்றாலும் ஆசை அதை முந்திக்கொண்டே ஓடுமாதலால், அந்த விவேகம் என்றும் பழசாவதில்லை. வாய்மொழியாகவே குருவிடமிருந்து சீடனுக்குச் செல்லும் இந்த ஞானத்தை, தொழில் கற்க வரும் நம் ஜில்லா இளைஞர்களுக்காக நல்ல தமிழில் எழுதி வைப்பது, கோட்டைக்கும் கோயிலுக்கும் வரலாறு எழுதுவதற்குச் சற்றும் குறைந்த காரியம் அன்று.