வாடகைக்காக ஆடிய ஆட்டம்

ஆணும் பெண்ணும் சோடியாக ஆடும் மேலைத்தேய ஆட்டத்தை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வயிறு நிறைந்தவனுக்குத்தானே ஆட்டமும் பாட்டமும்! ஆனால், வயிறு காய்ந்தவர்களும் ஆடியிருக்கிறார்கள். ஆடியே வீட்டு வாடகையும் கட்டியிருக்கிறார்கள்.

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் நடந்த கதை இது. முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டு, அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வடக்கே இடம்பெயர்ந்தார்கள். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுப்பார் இல்லை. எனவே ஹார்லெமில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ நேர்ந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு இது நல்ல வாய்ப்பு. வெள்ளையர் கொடுத்ததிலும் கூடிய வாடகை. இவர்கள் கைக்கு வந்ததோ குறைந்த கூலி. வாடகை தவறினால் தளபாடங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் 'வாடகை விருந்து'. சனிக்கிழமை இரவு, கட்டில், மேசைகளை அயல் வீட்டில் ஒதுக்கி வைப்பார்கள். பியானோ மட்டும் இருக்கும். வாசலில் சில சதங்கள் கொடுத்துவிட்டு யாரும் உள்ளே வரலாம். பொரித்த மீனும், பன்றிக்கால் சமையலும் விலைக்குக் கிடைக்கும். மதுவிலக்குச் சட்டம் நிலவிய 1920 - 1933 காலப்பகுதியில் கள்ளச் சாராயமும் கிடைத்தது என்பதை மறைப்பானேன்? விடிய விடிய ஆட்டம். சேர்ந்த காசு வாடகைக்கு.

பியானோ வாசித்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஜேம்ஸ் பி. ஜோன்சன், ஃபற்ஸ் வோலர் போன்ற ஜாஸ் மேதைகள் இந்தச் சின்ன அறைகளில் வாசித்தவர்களே. இடது கை தாளத்தைத் தாங்க, வலது கை இராகத்தில் விளையாடும். ஒரு வாத்தியக் குழுவுக்கு இடமும் பணமும் இல்லாத வீட்டில், தனியொருவரே ஒரு குழுவாக இயங்க வேண்டியிருந்தது.

கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் இந்த விருந்துகளுக்கு விரும்பிச் சென்றவர். 1940இல் வெளிவந்த தமது சுயசரிதையில் அவற்றை நினைவுகூர்கிறார். அவர் சொல்லும் ஒரு விடயம் முக்கியமானது. ஹார்லெமிலேயே இருந்த கொட்டன் கிளப்பில் மேடையில் ஆடுவோர் கறுப்பினத்தவர், பார்ப்போர் வெள்ளையர். அத்தகைய இடங்களில் வேடிக்கைப் பொருளாக நின்றவர்கள், வாடகை விருந்தில் தமக்காக ஆடினார்கள். 1926இல் திறக்கப்பட்ட சவோய் நடன மண்டபத்தில் நிறபேதம் பாராட்டப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1929இல் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியபோது, வேலையை முதலில் இழந்தவர்கள் கறுப்பின மக்களே. வாடகை விருந்தின் தேவை அப்போதும் தீரவில்லை.

ஆனால், பஞ்ச காலத்து நடனம் எல்லாமே துயர் துடைத்தது என்று சொல்லிவிட முடியாது. அதே மந்த காலத்தில் நாடெங்கும் 'நடன மரதன்' போட்டிகள் நடந்தன. மணித்தியாலத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் கால்கள் அசைய வேண்டும். பதினைந்து நிமிடம் ஓய்வு. இப்படி வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். முழங்கால் தரையில் பட்டால் வெளியேற வேண்டியதுதான். ஒருவர் நித்திரை கொள்ள, மற்றவர் அவரைத் தாங்கியபடி அசைந்துகொண்டிருப்பார். பரிசுப் பணத்தைவிட, போட்டி முடியும்வரை சாப்பாடும் கூரையும் கிடைக்குமே என்பதற்காகச் சேர்ந்தவர்கள் பலர். அவர்கள் விழுவதைப் பார்க்கச் சனம் காசு கொடுத்து வந்தது. ஹொரஸ் மக்கோய் 1935இல் எழுதிய 'அவர்கள் குதிரைகளைச் சுடுகிறார்கள், அல்லவா?' என்ற நாவலின் களம் இதுதான். சிட்னி பொலக் 1969இல் இதைத் திரைப்படமாக்கினார். காலொடிந்த குதிரையைச் சுட்டு விடுதலை கொடுப்பதுபோல, தன்னையும் சுடும்படி ஆட்டக்காரி தன் சோடியைக் கேட்கிறாள், அவனும் சுடுகிறான். இரண்டு இடத்திலும் ஏழைகள்தாம் ஆடினார்கள். இங்கு ஆட்டத்தின் பலன் போட்டி நடத்தியவனுக்கு. ஹார்லெமில் அது அந்த வீட்டுக்கே.

வாடகை விருந்துக்கு அழைக்கச் சிறிய அட்டைகள் அச்சிடப்பட்டன. முகவரி, திகதி, கூடவே குறும்பான இரண்டு வரிப் பாட்டு. காசு கேட்கிறோம் என்ற கூச்சம் எதிலும் இல்லை. வாடகை என்ற சொல்லே பெரும்பாலும் அட்டையில் இராது. ஹியூஸ் இந்த அட்டைகளை எறியாமல் சேர்த்து வைத்தார். அவரது கையெழுத்துப் பிரதிகளோடு அவையும் இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.