ஸ்பின்னிங் ரீல்

ஸ்பின்னிங் ரீல் என்பது தூண்டிற்கோலின் கீழ்ப்புறத்தில் பொருத்தப்பட்டு, தூண்டில் நரம்பைத் தொலைவில் வீசவும் மீளச் சுற்றவும் பயன்படும் கருவி ஆகும். நரம்பை வீசும்போது இதன் சுருள் சுழல்வதில்லை. எனவே இது நிலைச்சுருள் ரீல் எனவும் அழைக்கப்படுகிறது. பழகுவதற்கு எளிது என்பதால் கடல் தூண்டில் மீன்பிடிப்பில் புதியவர்கள் பெரும்பாலும் இதனையே பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

சுழலும் சுருள் கொண்ட பழைய ரீல்களில், நரம்பு வெளியேறும் வேகத்தைவிடச் சுருள் விரைவாகச் சுழன்றால் நரம்பு சிக்கிக்கொள்ளும். இக்குறையை நீக்கும் நிலைச்சுருள் ரீலுக்கு இங்கிலாந்தின் கம்பளித் தொழிலதிபர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905 இல் காப்புரிமை பெற்றார். நெசவு ஆலைகளில் கதிரின் முனை வழியாக நூல் அவிழும் முறை இதற்கு முன்மாதிரியாக இருந்தது எனக் கூறப்படுகிறது.

இயங்கும் முறை

வீசும்போது, கம்பி வளையம் திறக்கப்பட்டு நரம்பு சுருளின் விளிம்பைத் தாண்டி வெளியேறுகிறது. கைப்பிடியைச் சுற்றும்போது சுழலி சுருளைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றுகிறது. சுருள் முன்னும் பின்னும் அசைவதால் நரம்பு சீராகப் படிகிறது. மீன் வலுவாக இழுத்தால், நரம்பு அறுபடாதவாறு இழுவைத் தடை சிறிது சிறிதாக நரம்பை விடுகிறது.

கடல்நீரும் அரிமானமும்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. இந்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அலுமினிய உடலும் துருவேறா எஃகுத் திருகும் தொடும் இடங்களில் அலுமினியம் விரைவில் அரிக்கப்படுகிறது. கரியிழை கலந்த நெகிழி உடல் அரிக்கப்படாது. ஆனால் மிகுந்த சுமையில் வளைந்து, பற்சக்கரங்களின் பொருத்தத்தைக் குலைக்கக்கூடும்.

குறைந்த விலையில் தெரிவு செய்தல்

விளம்பரங்களில் பேரிங் எனப்படும் உருள்தாங்கிகளின் எண்ணிக்கை முதன்மைப்படுத்தப்படுகிறது. எனினும் கடல் பயன்பாட்டில் எண்ணிக்கையைவிட அவற்றின் காப்பே முக்கியமானது. காப்பற்ற பத்து உருள்தாங்கிகளைவிட, உப்புநீர் புகாதவாறு மூடப்பட்ட நான்கு நெடுநாள் உழைக்கும். நரம்பைத் திருப்பும் சிறு உருளை எப்போதும் நனைவதால், பெரும்பாலும் அதுவே முதலில் பழுதாகிறது. வாங்கும்போது அது தடையின்றிச் சுழல்கிறதா எனப் பார்த்தல் நன்று.

பெட்டியில் குறிக்கப்படும் பெரும இழுவைத் தடையும் தவறான அளவுகோலே. தடையைப் பொதுவாக நரம்பின் அறுபடு வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே அமைப்பர். 6 கிலோகிராம் தாங்கும் நரம்புக்கு 1.5 முதல் 2 கிலோகிராம் போதும். தடை விட்டுவிட்டு இயங்காமல் சீராக இயங்குவதே தேவை.

தூண்டிற்கோல்

படகுக்கும் படகுத்துறைக்கும் 7 அடி அளவிலான கோலும், அலைகளைத் தாண்டி வீசவேண்டிய கடற்கரைக்கு 10 முதல் 12 அடிக் கோலும் பொருந்தும். கண்ணாடியிழைக் கோல் எடை மிகுந்தது. ஆனால் மலிவானது, எளிதில் முறியாது. கரியிழைக் கோல் எடை குறைந்தது. மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிகளின் கீழும் இடிமழையிலும் அதனைப் பயன்படுத்துதல் ஆபத்தானது. நரம்பு செல்லும் வளையங்களில் பீங்கான் உள்வளையம் இருத்தல் வேண்டும். மலிவான உலோக வளையங்களைப் பின்னல் நரம்பு அறுத்துவிடும்.

பராமரிப்பு

ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னரும் இழுவைத் தடையை இறுக்கி, நன்னீரை மெதுவாகத் தெளித்து ரீலைக் கழுவ வேண்டும். விசையாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். பின்னர் தடையைத் தளர்த்தி நிழலில் உலர்த்துவர். இவ்வாறு பேணப்படும் மலிவான ரீல், பேணப்படாத விலையுயர்ந்த ரீலைவிட நீண்டகாலம் உழைக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

தூண்டில்
மீன்பிடித்தல்
அரிமானம்